பாலைப் பொங்க விடாத அம்மா

வெள்ளத்தில் வீடு போனதிலிருந்து சித்தி வீட்டு ஹாலில்தான் எங்கள் குடித்தனம். இன்று அடையாறில் எங்களுக்கே எங்களுக்கென்று ஒற்றை அறை வாடகை வீடு!

வீடு பிடித்துக் கொடுத்த தொண்டு நிறுவனத்து அக்காவும் பால் காய்ச்ச வந்திருந்தார்.

பால் விளிம்புவரை வந்தது.

அம்மா டக்கென்று அடுப்பை அணைத்துவிட்டார்.

"இன்னாம்மா பண்ற? பொங்கணும்மா!"

"பழக்கம்டா. ஒரு சொட்டு சிந்தினாலும் உங்க சித்தி பொங்கிடுவாளே!"

"இது உங்க அடுப்பும்மா" என்று அக்கா மறுபடி பற்றவைத்தார். நான் போலீஸ் மாதிரி அம்மாவின் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

"வழியட்டும்டா! நம்ம வீடுதானே!" என்று அம்மா குதித்தார்.

அடுத்த நிமிடமே, "டேய், துணி எடுத்துத் துடை."

துடைக்க ஆசைப்படுவோர் கமெண்ட்டில் வரவும். சம்பளம் ஒரு டம்ளர் பால், மிச்சமிருந்தால்.