ஆளுக்கு ஒரு பை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் வழக்கமாக, எவ்வளவு பொறுமையோடு காத்திருந்தோம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அப்படி ஆரம்பித்தால் அது பொய். ஆண்டவரோடு நான் சண்டை பிடித்தேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். அதையும் சேர்த்துத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

என் பெயர் எஸ்தர். வட்டகொடைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், கடைசி லயத்து வரிசை வீட்டில் இருக்கிறோம். நானும் அம்மாவும் மட்டும்தான். நான் தரம் ஆறு படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுக்கிறவர். என்னை டாக்டராக்க வேண்டும் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அது என் ஆசை. அப்பாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு வந்த ஆசை.

உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவைதான் பார்க்கலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். எனக்கு மிச்சம் இருந்தது அந்த மூன்றாவது தடவை மட்டும்தான்.

முதல் இரண்டு தடவையும் நான் சொன்ன ஒரே காரணம், புத்தகம் இல்லை என்பது. அதில் பொய் இல்லை. பாதி வருஷத்தில் பௌதிகவியல் சேர் மாற்றலாகிப் போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை. சூம் வகுப்பு பார்க்கவேண்டும் என்றால் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறி நிற்கவேண்டும். மழை வந்தால் அதுவும் இல்லை. ஆகவே ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்குப் புத்தகம் தாரும் என்று கேட்டேன். பாஸ்டரம்மா ஜெபக் கூட்டத்தில் எனக்காக ஒரு வார்த்தை சொன்னார்.

வந்ததே பாருங்கள் புத்தகம்! நோர்வூட்டில் நர்ஸாக இருக்கிற அக்கா தன் பழைய கொப்பிகளை எல்லாம் கட்டி அனுப்பினார். பூண்டுலோயாவில் இருந்து ஓர் ஆசிரியர் வளநூல்களைக் கொடுத்துவிட்டார். டியூஷன் வகுப்பில் கொடுக்கிற டியூட்டுகளில் யாரோ யாழ்ப்பாணத்து டியூட், யாரோ கொழும்பு டியூட் அனுப்பினார்கள். இந்தியாவில் மருத்துவ நுழைவுக்குப் படிக்கிற, செங்கல் கணக்காகத் தடித்த புத்தகங்களும் மூன்று வந்தன. டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, மற்றப் பிள்ளைகள் எடுத்த கொப்பியில் கூடுதலாக விழுந்ததை எல்லாம் எனக்காகச் சேர்த்துவைத்துக் கொடுத்தார். மூன்று உரப் பை நிறைந்துவிட்டது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை.

அப்போது பரீட்சைக்கு இருந்தது ஐம்பத்திரண்டு நாள். நீங்களே சொல்லுங்கள், மூன்று உரப் பையை ஐம்பத்திரண்டு நாளில் யார் படிப்பது?

இல்லாதபோது இருந்த கஷ்டத்தைவிட இருக்கும்போது இருந்த கஷ்டம் பெரிது. இரசாயனவியலில் ஒரு பாடத்தை ஒரு டியூட்டில் ஆரம்பிப்பேன். அதே பாடம் இன்னொன்றில் இன்னும் தெளிவாக இருக்குமோ என்று சந்தேகம் வரும். அதை எடுப்பேன். அது வேறு ஒழுங்கில் போகும். மூன்றாவதைத் திறப்பேன். பொழுது போய்விடும். காலையில் புதிதாக ஓர் அட்டவணை போடுவேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடு போட்டு, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பன்னிரண்டு நாளில் ஏழு அட்டவணை போட்டேன். ஒரு பாடம்கூட முடிக்கவில்லை.

இதில் சபையில் வேறு தொல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் பிடித்துக்கொள்வீர்கள். நான் கொடுத்ததைப் படித்தாயா என்று ஒருவர். அதை விடு, இதைப் படி என்று இன்னொருவர். ஒரு அண்ணன், பழைய வினாத்தாள் செய்தாலே போதும் என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, வினாத்தாளை நம்பித்தான் என் தங்கச்சி கெட்டாள் என்றார். எல்லாரும் அன்பில் சொன்னதுதான். எனக்குத் தலை வெடித்தது.

பிறகு ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, புத்தகம் போதும், எது என்று மட்டும் காட்டும் என்று கேட்டேன். திருவுளச்சீட்டு எழுதிப் போட்டேன். இந்தியப் புத்தகம் வந்தது. அந்தப் பாடத்திட்டமே வேறு. சரி, மூன்று தடவை போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். மூன்றும் வேறு வேறு. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரலை வைத்தேன். வம்சவரலாறு. யாருக்கு யார் பிறந்தார் என்று ஒரு பக்கம் முழுக்க வெறும் பெயர்கள். நான் அதை மூடிவைத்துவிட்டு, என்னோடு விளையாடுகிறீரா என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஜெபிக்கவே இல்லை. அம்மா கேட்டதற்கு, வயிற்று வலி என்று சொன்னேன்.

மூன்றாவது நாள் மழை பிடித்தது. நம்ம மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், நான் எட்டாவது அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், கீழே ரோட்டில் ஒலிபெருக்கி கேட்டது. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். மண்சரிவு எச்சரிக்கை. மேல் லயத்தில் இருக்கிறவர்கள் உடனே இறங்கித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். கிராம சேவகர் குடை பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக வந்தார். எங்கள் வாசலில் நின்று மூன்று உரப் பையையும் பார்த்தார்.

"ஆளுக்கு ஒரு பை. அதுக்கு மேல தூக்கவேணாம். அரை மணித்தியாலந்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. எது என்று காட்டும் என்று கேட்டேன், நீர் மலையைத் தள்ளிவிடுகிறீரா என்று வாய்விட்டே கேட்டேன். மூன்று பையையும் தரையில் கொட்டினேன். ஒன்றை எடுப்பேன், வைப்பேன். இன்னொன்றை எடுப்பேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

கொழுந்து மலையில் இருந்து நனைந்துபோய் அம்மா ஓடிவந்தார். காலில் கடித்துக்கொண்டிருந்த அட்டையைக்கூடப் பிடுங்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார்.

"நீ உடுப்ப எடு. புஸ்தகத்த நான் பாக்குறேன்."

அம்மா பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம்தான் போனவர். எனக்குத் தடுக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அம்மா குனிந்து ஒவ்வொன்றாக மேலுறையைத் திருப்பிப் பார்த்துப் படபடவென்று ஒரு பையில் போட்டார். கொழுந்து எடுக்கிற கை, ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நாங்கள் இறங்கிவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பம். வகுப்பறைத் தரையில் பாய் போட்டு, எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. அங்கேதான் பையைத் திறந்தேன். வளநூல் ஒன்றுகூட இல்லை. யாழ்ப்பாணம் இல்லை, கொழும்பு இல்லை. உள்ளே இருந்தது என் பழைய சங்கதி. இரண்டு வருஷமாகப் பாடசாலையில் நான் எழுதிய தவணைப் பரீட்சை விடைத்தாள்கள். கடந்தகால வினாத்தாள்களுக்கு நான் எழுதி, சேர்மார் திருத்திக் கொடுத்த கொப்பிகள். சிவப்பு மையால் வெட்டி வெட்டி, பார்க்கவே பிடிக்காமல் பையின் அடியில் நான் ஒளித்துவைத்த குப்பை. மறுபடி எழுதப் போவதால் அவை எனக்குத் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன்.

நாற்பது குடும்பத்துக்கு முன்னால் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நல்ல புத்தகத்தை எல்லாம் விட்டுவிட்டு ஏன் இந்தக் குப்பையை அள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அம்மா அப்போதுதான் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுலதான புள்ள உன் பேரு போட்டுருந்துச்சு. மத்ததுல எல்லாம் யார் யாரு பேரோ இருக்கு. ஊரான் பொருள நாம எப்புடி தூக்கிக்கிட்டு வர்றது?"

என் பெயரை எழுதவும் வாசிக்கவும் அம்மா என் ஞானஸ்நானத்தின்போதுதான் பழகினார். அதை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். என் தலையெழுத்து என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளும் மழை. கழிப்பறைக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல்தான் அந்தக் கொப்பிகளை எடுத்தேன். படிப்பதற்காக இல்லை, கோபத்தில். எவ்வளவு மோசம் என்று பார்ப்போம் என்று புரட்டினேன். முதல் வருஷம் எங்கே பிழை விட்டேனோ, இரண்டாம் வருஷமும் அதே இடத்தில் பிழை விட்டிருக்கிறேன். இரசாயனச் சமநிலை வந்தால் கணக்கு பாதியில் நிற்கிறது. பௌதிகவியலில் மின்னியல் வினாவை ஒரு தடவைகூடத் தொடவில்லை. உயிரியலில் மூன்று குறிப்புக் கேட்டால் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். சேர் ஓரத்தில் சிவப்பில், கேட்டதை மட்டும் எழுதவும் என்று எழுதியிருக்கிறார். அதே வசனம் ஆறு இடத்தில். ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை. புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவைத்திருக்கிறேன்.

புத்தகம் இல்லாததால் நான் தவறவில்லை, சகோதரர்களே. அந்த வகுப்பறை மூலையில் அதை ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. இரண்டு வருஷமாகச் சொன்ன காரணம் ஒரு நாளில் போய்விட்டது. அன்றைக்குத்தான் மறுபடியும் ஜெபித்தேன். பெரிய ஜெபம் இல்லை. சரி ஆண்டவரே, தெரிந்துகொண்டேன் என்றேன், அவ்வளவுதான்.

பிழைகளை ஒரு தாளில் எழுதினேன். பதினொன்று வந்தது. மூன்று உரப் பை பதினொரு வரியானது. பார்த்தால், மின்னியலில் எனக்கு அடிப்படையே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் தரம் பதினொன்று வரைதான். அதிபரிடம் கேட்டேன், அலுமாரியைத் திறந்துவிட்டார். உயர்தரம் இரண்டு தடவை எழுதிய நான், சின்னப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் மின்சுற்று படித்தேன். பக்கத்துப் பாயில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முகாமுக்குச் சாப்பிடப் பாண் கொண்டுவந்த போட்டோகொப்பி நானாவிடம், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், பழைய வினாத்தாள்களின் புள்ளித் திட்டம் மட்டும் வேண்டும் என்றேன். இரண்டு நாளில் அனுப்பிவிட்டார். எழுதுவேன், திட்டத்தை வைத்து நானே சிவப்பில் வெட்டுவேன், மறுபடி எழுதுவேன்.

பதினாறு நாளில் மேலே போகலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால், லயம் அப்படியே இருக்கிறது. ஒரு பிடி மண் சரியவில்லை. என் மூன்று உரப் பைச் சாமானும் தரையில் நனையாமல் கிடக்கிறது. அப்போது எதற்கு இந்த அலைச்சல் என்று எனக்குக் கோபம் வரப் பார்த்தது. அதைவிட மோசம், கை தானாகவே அந்த டியூட்டுகளுக்குப் போனது. பரீட்சைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறதே, ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று. அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கட்டச் சொன்னேன். யார் யார் பெயர் இருந்ததோ அவரவருக்கே திருப்பி அனுப்பினோம். நோர்வூட் அக்காவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை எழுதினேன். மின்னியல் வினாவைத் தொட்டேன். கேட்டதை மட்டும் எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் சாட்சி அழகாக இருக்கும். முடியவில்லை. வெட்டுப்புள்ளி வந்தபோது நான் மயிரிழையில் வெளியே. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே நின்று போனில் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு தூரம் கூட்டிவந்து இங்கே விடுவதற்கா என்று கேட்டேன். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளை பார்க்கப் போனேன். சபைக்கு வந்தேன், ஆனால் உங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைத்தேன். அப்படியே மாதங்கள் போயின.

ஒரு நாள் பகல், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். அம்மா வேலையை விட்டு வருகிறவர் இல்லை. கடிதம் எல்லாம் எங்களுக்குத் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும், கிடைத்தால் உண்டு. கொழுந்து நிறுக்கப் போன இடத்தில், ஒரு கட்டுக் கடிதம் ஜன்னல் ஓரத்தில் கிடந்ததாம். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"என்னா கடுதாசின்னு தெரியல. உன் பேரு போட்டுருந்துச்சு, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

பிரித்தேன். வெற்றிடங்களை நிரப்பும் சுற்றில் எனக்கு மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. பதிவு செய்யக் கொடுத்த தவணை முடிய நாலு நாள்தான் இருந்தது.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகாமில் கத்தியதற்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை.

பதிவு செய்துவிட்டேன், வருகிற மாதம் போகிறேன். என் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது கோபத்தையும் அவரிடமே கொண்டுபோகிறேன், வயிற்று வலி என்று ஒளிவதில்லை. உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தால், விட்டுவிடாதீர்கள். சலிப்பாக இருந்தால் சலிப்போடேயே கேளுங்கள், அவர் தாங்குவார். எது என்று கேட்டவளுக்கு, அவர் எங்கள் அம்மாவின் கையால் எடுத்துக் கொடுத்தார். அம்மா அந்தக் கடைசி வரிசை வாங்கில்தான் இருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்கமாட்டார், ஆகவே திரும்பிப் பார்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.