பின்சீட்டில் கட்டுரைப் பெட்டிகள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்ட காலம். புற்றுநோய் ஆராய்ச்சி செய்த ஒரு டாக்டருக்கு அப்போது ஜீப் ஓட்டினேன். கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போய், புகையிலை போடுகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் படம் எடுப்பார். படம் கட்டுரையாகி வெளிநாட்டுக்குப் போகும். கல்யாணப் பத்திரிகையில் பங்காளி பெயர் விட்டுப்போகாமல் போடுவது போல, மலையைக் கண்ணால் பார்த்திராத பெரிய டாக்டர்கள் பெயரெல்லாம் கட்டுரையின் தலையில் இருக்கும்.

அவர் எழுதியதை வேறொருவர் தன் கட்டுரையில் எடுத்துச் சொன்னால் அதற்கு மேற்கோள் என்று பெயராம். தபால் வந்ததும் அதைத்தான் எண்ணுவார். எண்ணிக்கை ஏறிய நாளில் எனக்கும் டீ உண்டு.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு அக்கா இருந்தாள். கன்னத்தின் உள்ளே புண். ஏழு கட்டுரைகளில் அவள் வாய் வந்திருந்தது. "நம்மகிட்ட இருக்கிறதிலேயே நல்ல கேஸ்" என்று டாக்டர் பெருமையாகச் சொல்வார். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் நேரம் அமையவில்லை.

மெட்ராஸில் டாக்டருக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் வந்தது. அதற்கு முதல் நாள் விடிந்ததும் மலையிலிருந்து கிளம்பினோம். அந்த அக்கா துணி மூட்டையோடு ஜீப் அருகே நின்றாள். இரண்டு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, வெறும் கஞ்சிதான்.

"தம்பி, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரில என்ன எறக்கி வுட்டுடு."

பின்சீட்டு முழுக்க நேர்காணலில் காட்டுவதற்கான கட்டுரைப் பெட்டிகள். டாக்டர் பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அடுத்த தடவை கண்டிப்பா," என்றார். பெட்டிகளை விட்டுவிட்டுப் போகலாம் சார் என்று தொண்டை வரை வந்தது. வண்டியை எடுத்துவிட்டேன்.

தியாகதுருகத்துக்கு முன்னால் ஒரு புளியமரம் சாலையை மறித்துக் கிடந்தது. பக்கத்து வயலில் ஒரு வண்டி இறங்கி ஏற வழி விட்டிருந்தார்கள். நோயாளிக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் அந்த வழி.

டாக்டர் இறங்கிப் போனார். "நான் கேன்சர் டாக்டர். அவசரம்."

"பேஷண்டு எங்க சார்?" என்றார் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த துண்டுக்காரர்.

டாக்டர் ஒரு பெட்டியைப் பிரித்து அக்காவின் வாய்ப் படத்தைக் காட்டினார். எத்தனை நாட்டுக்காரர்கள் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் விளக்கினார். படம் கைமாறிப் போனது.

"அய்யய்ய, புண்ணு இம்மாம் பெருசா கீது! இந்தம்மா இப்ப எங்க?"

"மலையில."

"அந்தம்மா மலைல கீது. நீங்க இன்னாத்துக்கு அவசரமா போறீங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "வேணும்னா படத்த உடறோம்ங்க, அது போவட்டும். சார் இப்டி உக்காரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு எப்படியோ தைரியம் வந்துவிட்டது.

"நான் போயி அந்தக்காவ இட்டுக்கினு வரேன்ங்க. வந்தா உடுவீங்களா?"

"தாராளமா உடறோம், போய்ட்டு வா."

"இடம் எங்கப்பா இருக்கு?" என்றார் டாக்டர்.

நான் பெட்டிகளை இறக்கிச் சாலையோரம் வைத்தேன். காத்திருந்த டாக்டருக்கும் மறியல் செய்தவர்களுக்கும் உட்கார வசதியாகப் போயிற்று.

மலை ஏறி இறங்க மத்தியானம் ஆனது. அக்கா பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தாள். வயல் வழியே எங்களை விட்டார்கள். பெட்டிகள் அங்கேயே நின்றுவிட, கட்டுரைப் பட்டியலை மட்டும் டாக்டர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டருக்குப் பதவி கிடைத்தது. பட்டியலை எண்ணினார்களாம், கட்டுரையை ஒருவரும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கன்னத்தில் பாதியை எடுத்தார்கள். மலைவாழ் நோயாளிகளைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எப்படி என்று டாக்டர் அவளை வைத்தே எட்டாவது கட்டுரை எழுதினார். அதற்குத்தான் மேற்கோள் அதிகம்.

பல வருடம் கழித்து இதை அக்காவிடம் சொன்னேன்.

"எத்தினி பேரு எழுதிக்கீறாங்களாம்?"

"நூறு பேருக்கு ஜாஸ்தியாம்க்கா."

அவள் ஒரு பக்க வாயால் சிரித்தாள். "ஒருத்தரு கூட அப்பறம் இன்னா ஆச்சின்னு கேக்கலியே. நீயாவது எழுதேன்டா தம்பி."

எனக்கு எழுத வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது கஞ்சியில்லை, சோறுதான் சாப்பிடுகிறாள், கொஞ்சம் சிந்தும். இதை எழுதிய நாள் புரட்டாசி ஒன்பது, வியாழக்கிழமை.