துடைத்து வைத்த செடி

பல்செட்காரர் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத வாய்களுக்கெல்லாம் சிரிப்பு தயாரித்துக் கொடுப்பவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குக் கோபம் மூக்குநுனிக்கு வந்து போகும். இவருக்கு அங்கேயே குடியிருந்தது.

அது கொஞ்சம் கண்ணயர்வது, ஜன்னலோரத்துச் சதைப்பற்றுச் செடிகளை அவர் நெருங்கிப் படமெடுக்கும்போதுதான். அவற்றில் ஒன்று ரோஜாவைப் போல அடுக்கடுக்காக இலை விரித்தது. இலைமேல் பவுடர் போட்டாற்போல வெள்ளைப் பூச்சு. செடியின் நடுவைப் படத்தின் நடுவில் வைப்பது அவர் சட்டப்படி குற்றம். ஓரமாகத் தள்ளி வைத்து, இலைச்சுழல் எதிர்மூலைக்கு ஓட வேண்டும். பின்னால் கிழிந்த குடையின் கறுப்புத் துணி. வெளிச்சத்தைத் திருப்பிவிட, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. இலை அசையக்கூடாதென்று மின்விசிறி நிறுத்தப்படும். குடும்பமே வியர்த்துக் கொட்டிக் கலையை வளர்க்கும்.

புகைப்படச் சங்கத்தின் கண்காட்சிக்கு அந்தச் செடியைத்தான் நம்பியிருந்தார். போன வருஷம் அவர் படத்தின் கீழே 'முட்டைக்கோஸ்' என்று எழுதி, கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்தார்கள். இந்த முறை அவர்கள் மூக்கை உடைக்க வேண்டும். அதற்கு அந்தப் பூச்சு வேண்டும். விரல் பட்டால் போனது போனதுதான், அந்த இலைக்குத் திரும்ப வராது. செடிப் பக்கம் மூச்சுகூட விடக்கூடாதென்று வீட்டில் உத்தரவு போட்டார்.

உத்தரவு போட்டபோது மச்சினன் வந்திருக்கவில்லை. இரண்டு நாள் தங்க வந்தவன், சோபாவோடு சோபாவாக ஊறிப்போனான். சும்மா தின்கிறோமே என்று ஒருநாள் அவனுக்குத் திடீரென உறுத்திவிட்டது. வேலை முடிந்து வந்த பல்செட்காரர் ஜன்னலைப் பார்த்தார். செடி பாலிஷ் போட்ட செருப்பாகப் பளபளத்தது.

"என்ன மாமா நீங்க, இவ்ளோ தூசியோடவா போட்டோ எடுப்பாங்க? ஈரத்துணியால ஒவ்வொரு இலையா துடைச்சேன். முதுகே போச்சு."

மனைவி சமாதானத்துக்கு வந்தாள். தம்பி நல்லதுக்குத்தான் செய்தான் என்றாள். அதுதான் எரிகிற தீயில் எண்ணெய்.

"நல்லதுக்கா? நாளைக்கு உன் தம்பி எனக்கும் தூசி படிஞ்சிருக்குன்னு துடைச்சுப் போட்டுடுவான். அப்பவும் நல்லதுக்குத்தானா?"

அடியில் ஒரே ஒரு இலை தப்பியிருந்தது. அதிலும், துடைக்கும்போது பிடித்துக்கொண்ட கட்டைவிரலின் ரேகை வெள்ளைப் பூச்சில் அச்சாகப் பதிந்திருந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. சாட்சிக்கு வைக்கலாமென்று மின்விசிறியை நிறுத்தினார், குடைத்துணியைத் தொங்கவிட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை நெருக்கினார். ஆத்திரத்திலும் கை குற்றவாளியை நடுவில் வைக்கவில்லை, ஓரத்தில் வைத்தது. ரேகையின் வளைவுகள் இலையின் வளைவோடு சேர்ந்து ஓடின.

அதையே கண்காட்சிக்கு அனுப்பினார், 'குற்றவாளி' என்று பெயர் வைத்து. சங்கத்தார் அதை வாசலிலேயே மாட்டினார்கள்.

பக்கத்தில் மச்சினன் நின்றான். வருகிறவர்களுக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். படமெடுத்தவரை ஒருவர், கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார், படத்தை மறைக்கிறாராம்.

"மாமா, அடுத்த வருஷம் எந்தச் செடியைத் துடைக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க."

பல்செட்காரர் வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் மின்விசிறியை நிறுத்தினார். கேமராவைத் தொடவில்லை. மின்விசிறி மச்சினனின் சோபாவுக்கு நேர் மேலே இருந்தது.