ஹர்த்தால் நாளில் ஒரு குட்டைப் பாவாடை

2003 ஜூலை. சென்னை ரயில் என்னைத் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டபோது மணி பதினொன்றரை. வெளியே ஆட்டோக்கள் வரிசையாக நின்றன, ஒன்றும் நகரவில்லை.

"கோட்டைக்குள்ள ஒரு வீட்டுக்குப் போகணும். அம்பது ரூபா தரேன்" என்றேன்.

நாகர்கோவில்காரரான ஓட்டுநர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னிக்கு ஹர்த்தாலாக்கும் மேடம், முழு அடைப்பு. ஆறு மணி கழிஞ்சா ஓடும்."

"நான் திரும்பிப் போற ரயிலே ஆறரைக்கு."

"அப்ப நடங்க. ஒன்றரை கிலோமீட்டர்தானே."

நடந்தேன். கேமராப் பை தோளை அறுத்தது; மழை வேறு. எங்கள் பெண்கள் பத்திரிகை அறுபதுகளின் நாகரிகம் பற்றிச் சிறப்பிதழ் போடுகிறது. அதற்கு ஒரே ஒரு படம் வேண்டும். அந்த அறுபதுகளின் கடைசியில், கணவருடன் லண்டனில் இருந்த மைதிலி மாமியைக் கடைத்தெருவில் நிறுத்தி ஒரு ஃபேஷன் புகைப்படக்காரர் படமெடுத்தாராம். அங்கே இளைஞர் பத்திரிகை ஒன்றில் அது வந்ததாம். அசல் பிரதி அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தபாலில் அனுப்ப மாட்டார்கள். நகலெடுக்க நானே வர வேண்டியதாயிற்று.

தொங்கியது உண்மைதான். குட்டையாக வெட்டிய முடி, கண்ணோரம் நீட்டிய மை, யாரையும் சட்டை செய்யாத பார்வை. இடுப்புக்குக் கீழே கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது.

"முகம் போறும்" என்றார் கணவர் சங்கரன். "நாலு பேர் பாக்கற பத்திரிகையாக்கும்."

குட்டைப் பாவாடை இல்லாமல் அந்தக் காலத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அவர் லண்டன் பனியைப் பற்றிப் பேசினார். சுரங்க ரயிலைப் பற்றிப் பேசினார். மாமியிடம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். மின்சாரம் போனது. சன்னல் வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. என் பொறுமை போய் வெகு நேரமாகியிருந்தது.

மாமி காபியை வைத்துவிட்டுப் படத்தைக் கழற்றினார். கத்தி முனையால் சட்டத்தின் பின் அட்டையை நெம்பினார்.

"மைதிலி, நாலு பேர் என்ன சொல்லுவா?"

"அன்னிக்கு அந்தப் பத்திரிகையை அஞ்சு பிரதி வாங்கி ஆபீஸ் முழுக்கக் காட்டினது யாராம்?" மாமி குரலை உயர்த்தவில்லை. கறுப்புத்தாளை உரித்துக் கீழே போட்டார்.

முழங்காலுக்கு மேல் ஒரு சாண் ஏறிய பாவாடை, வெள்ளை பூட்ஸ், எடுத்துவைத்த ஒரு கால்.

சங்கரன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு அவரே படத்தைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தார். "இந்த பூட்ஸ் நான் வாங்கிக் குடுத்ததாக்கும். அதையும் எழுதணும், கேட்டேளா." கையை ஆட்டாமல் பிடிக்கும்படி அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்பும்போது வாசல்வரை மாமி மட்டும் வந்தார். அவர் வாயிலிருந்து படத்தைப் பற்றி ஒரு தகவல்கூட வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படமோ கறுப்பு வெள்ளை.

"பாவாடை என்ன நிறம் மாமி?"

"மஞ்சள்" என்று உள்ளேயிருந்து சங்கரனின் குரல் வந்தது.

மாமி என் காதருகே குனிந்தார். "பச்சை."

மறுபடி மழையில் தம்பானூருக்கு நடந்தேன். சென்னையில் எங்கள் வீட்டிலும் அம்மாவிடம் கேட்டால் அப்பாதான் பதில் சொல்வார். அந்த எரிச்சலும் வழியெல்லாம் கூடவே வந்தது. படக்குறிப்பில் பச்சை என்றுதான் எழுதியிருக்கிறேன்.