சித்தி போட்ட கட்டு

எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமே கிடையாது. ராஜபாளையம் பக்கத்தில் பல வீடுகளில் தறி போட்டு அதைத்தான் நெய்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரியில் யாருக்குக் கட்டுப் போட்டிருந்தாலும் அது நம் தறித் துணிதான் என்பார் தாத்தா. அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, நர்சிங் படிக்கப் போறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துணியையும் நெய்து குடுத்து, கட்டியும் விடணுமாக்கும்? வெள்ளிக்கிழம மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராக. பூவ வச்சிக்கிட்டு ஒழுங்கா உக்காரு ஏட்டி."

அதே வெள்ளிக்கிழமைதான் ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சிங் பள்ளியில் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்கு.

அன்று காலை சித்தி என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. "நர்சுக்குப் படிக்கணும்னா கட்டுப் போட்டுக் காட்டணும்ட்டி. கையக் குடு" என்றாள். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை சுற்றி, கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டாள். யார் கேட்டாலும் வலிக்கிறது என்று சொல்ல வேண்டுமாம், அதுவும் பரீட்சையில் சேர்த்தியாம். நான் குறைவில்லாமல் முனகினேன்.

தாத்தா பதறிப்போனார். கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்த அம்மா, வில்லிபுத்தூர் எலும்பு டாக்டர்தான் கைராசிக்காரர், தங்கச்சியே கூட்டிப் போகட்டும் என்றாள். தாத்தா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டு, தானே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆட்டோ பஸ் ஸ்டாண்டில் விட்டது. பஸ் ஏறிப் போனோம். நர்சிங் பள்ளியில் ஒரு மேடம் சித்தியின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைப் பார்த்தார். இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்கிறதா, பதினேழு வயது நிறைந்ததா என்றெல்லாம் கேட்டார்.

"மூணு வருசம்மா. வார்டுல நிக்கணும், பிரசவம் பாக்கணும், பாஸ் பண்ணி கவுன்சில்ல பதிவு பண்ணாத்தான் நர்ஸ். நடுவுல கல்யாணம்னு நின்னுட்டா எல்லாம் வீண். சரியா?"

"சரி மேடம்."

என் கையை ஒருவரும் பார்க்கவில்லை. பொறுக்காமல் மேஜைமேல் தூக்கி வைத்தேன்.

"இது யாரு போட்ட கட்டு?" என்றார் மேடம். "விரலையும் சேத்து மூடிட்டா ரத்தம் ஓடுதா இல்லையான்னு எப்படிப் பாக்கிறது?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். தறியோடு பிறந்து வளர்ந்தவள் கட்டுப் போடுவதில் பெயிலாகிவிட்டாள் என்று எனக்கு அழுகை முட்டியது. அவளானால் திரும்பும்போது பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் தாத்தா நிம்மதியாகத் தறிக்குப் போய்விட்டார். அடுக்களையில் வைத்து அம்மா கட்டை அவிழ்த்தாள். எனக்கு முழங்கால் சிராய்த்தாலே தெருவைக் கூட்டுகிறவள், வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டே சித்தியிடம் மெதுவாக, "என்னைக்கு வந்து சேரச் சொன்னாக?" என்றாள்.

பெற்ற பிள்ளையின் கையைவிடத் தங்கச்சி பெரிதாகப் போய்விட்டாளா என்று, அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.