இரண்டு ரக்அத் கலந்தர்

தண்ணீரூற்றில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் கலந்தரைப் போல மூளையைப் பாவித்துச் சோம்பல்படுகிற ஒருவரை முல்லைத்தீவு மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இது யாரும் கட்டிவிட்ட கதையல்ல. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி அவரே சொல்லுவார்: "படைச்சவனையே பேய்க்காட்டப் பாத்த ஆள் நான். நீங்களெல்லாம் எனக்கு எந்த மூலைக்கு?"

விசயம் இதுதான். ரக்அத் என்றால் நின்று, குனிந்து, தலைவைத்து எழும்புகிற தொழுகையின் ஒரு சுற்று. பயணத்தில் இருக்கிறவர் நாலு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். மார்க்கம் தந்த சலுகை அது. மத்தியான லுஹர், பின்னேர அஸர், இரவு இஷா மூன்றும் பாதியாகிவிடும். ஆனால் ஆள் உண்மையிலேயே முஸாபிராக, பயணியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நாலு நாள் தங்குகிற எண்ணம் வந்துவிட்டால் சலுகை போச்சு. கலந்தரின் மனைவி நபீஸா, மகள் றஸ்மியாவின் குடும்பத்தோடு புத்தளத்தில் இருக்கிறா. தண்ணீரூற்றில் யாரும் கேட்டால், "வீடு வாசல் புத்தளத்திலதானே, நாளைக்கு வெளிக்கிட்டாலும் வெளிக்கிடுவன்" என்று சொல்லி இரண்டு தொழுவார். மாதம் ஒருமுறை புத்தளம் போனால், "என்ர ஊர் முல்லைத்தீவல்லோ, நாளைக்குத் திரும்பீடுவன்" என்று அங்கேயும் இரண்டுதான். இந்தக் கூத்து பதினொரு வருஷம் நடந்தது.

சாட்சிக்கு ஒரு பையும் வைத்திருந்தார். கடையின் பின்சுவரில், வலைக்கம்பிச் சுருள்களுக்கு மேலே, ஆணியில் தொங்கும் பயணப் பை. உள்ளே ஒரு சாரம், ஒரு சேட், பல்லுத் தீட்டுகிற பிரஷ். புத்தளம் போகிற அன்று தோளில் ஏறும், வந்த அன்று அதே ஆணிக்குப் போய்விடும். அதைப் பிரித்து அடுக்கி வைத்ததே இல்லை. பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற சின்னராசா அந்தப் பையைக் காணும்போதெல்லாம் கேட்பார், "நானா, இண்டைக்கோ பயணம்?" என்று. "நாளைக்கு" என்பார் கலந்தர், சிரிக்காமல்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தொழுகை நடத்துகிற ஊர்க்கார இமாமின் பின்னால் நின்றால் பயணியும் நாலுதான் தொழவேண்டும். ஆகவே கலந்தர், எல்லோரும் சேர்ந்து தொழுகிற ஜமாஅத் முடிந்து, பள்ளி வாசலில் செருப்புகள் குறையும் வரை கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பார். பிறகு போய்த் தனியே தொழுதுவிட்டு, போன வேகத்தில் திரும்புவார். வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகைக்கு அழைக்கிற பாங்குக்கு முன்பே ஆள் ஆஜர். வெள்ளித் தொழுகையான ஜும்ஆ எல்லோருக்கும் இரண்டுதானே! ஊர் அவருக்கு "ரெண்டு ரக்அத்" என்று பெயர் வைத்தபோது அவர் கோபப்படவில்லை. "நாலு எண்டு வைக்காமல் விட்டீங்களே, அந்த மட்டில சந்தோசம்" என்றார்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. புத்தளத்தில் ஒரு கல்யாணம். இரண்டு வான் நிறைய ஊர் ஆம்பிளைகள் போய்விட்டார்கள். கலந்தருக்கும் அழைப்பு வந்தது. அன்றைக்குக் கடைக்குத் தண்ணீர்த் தாங்கிகள் ஏற்றிய லொறி வருகிறது என்று நின்றுவிட்டார். நபீஸா தொலைபேசியில் நல்லாகவே ஏச்சுக் கொடுத்தா.

அங்குள்ளவர்கள் பின்பற்றும் சட்டப்படி, ஊரில் நிரந்தரமாகக் குடியிருக்கிற நாற்பது ஆண்கள் சேர்ந்தால்தான் ஜும்ஆ கூடும். ஒருவர் குறைந்தாலும் லுஹரைத் தொழுதுவிட்டுக் கலைய வேண்டியதுதான். திரும்பி வந்து அந்தப் பள்ளிக்குத் தகரம் போட்ட நாளிலிருந்து ஒரு வெள்ளியும் ஜும்ஆ தவறியதில்லை. தொண்ணூறில் புலிகள் வெளியேறச் சொல்ல, முஸ்லிம்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போன ஊர் அது. ஜும்ஆ நடக்கிறது என்றால் ஊர் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் பாங்கு சொல்லுகிற மோதினார் வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ணினார். இரண்டாந்தரமும் எண்ணினார்.

"முப்பத்தொன்பது, மௌலவி. வாசலடியில இருக்கிற கலந்தர் காக்காவைச் சேர்க்கேல்ல."

கலந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொப்பியைச் சரிசெய்தார். நாற்பதாவது ஆள் அவர்தான்! ஊரின் மானமே அவர் கையில் இருக்கிறது! இனி ரெண்டு ரக்அத் என்று எந்த வாய் சொல்லும் பார்ப்போம் என்று மனசுக்குள் ஒரு துள்ளல்.

மௌலவி சிறாஜுக்கு முப்பது வயதுகூட இல்லை. புத்தளத்து அகதி முகாமில் பிறந்து, பிறகு இங்கே வந்து குடியேறியவர். அவர் சங்கடத்தோடு சொன்னார், "காக்கா, குறை நினைக்காதீங்கோ. உங்களச் சேர்க்கேலாது. முஸாபிரை நாப்பதில எண்ணுறேல்ல."

யாரோ சிரித்தார்கள். கலந்தரும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"இல்ல மௌலவி, நான் இஞ்சதானே..."

"வாய்க்குச் சொல்லாதீங்கோ காக்கா. முப்பத்தொன்பது பேர்ட தொழுகை உங்கட சொல்லில நிக்குது. உங்கட ஊர் எது?"

ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கலந்தர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். சோம்பல், சோம்பல் என்று இத்தனை காலமும் தன்னைத்தானே பகிடி பண்ணி ஊரையும் சிரிக்க வைத்தாரே, அது சோம்பல் மட்டுமில்லை என்று அந்த இடத்தில் அவருக்கே வெளித்துவிட்டது. பயம். இதுதான் என் ஊர் என்று சொன்னால் மறுபடியும் யாராவது வந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். பயணிக்கு அந்தக் கவலை இல்லை. அவன் பை ஆணியில் தயாராக இருக்கிறது.

வாப்பாவின் நினைவும் வந்தது. பதினாறு வயதில் கலந்தர் அவரோடு புத்தளம் போய் இறங்கியவர். முகாமில் வாப்பா இரண்டு இரண்டாகத்தான் தொழுதார். மௌலவிமார் வந்து, இத்தனை மாதத்துக்குப் பிறகு அது சரிவராது என்று சொன்னபோதும், "நாளைக்குப் போயிருவம்" என்றார். மௌத்தாகும் வரைக்கும் அதே பதில்தான். அடங்கிய கபுறும் புத்தளத்தில்தான். வாப்பா ஊருக்குப் போகத்தான் இரண்டு தொழுதார். மகன் அதே ஊருக்கு வந்து கடையும் போட்டு, பதினொரு வருஷமாக அதே இரண்டைத் தொழுதுகொண்டிருக்கிறான். தூ, நானும் ஒரு மனிசன் என்று கலந்தருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"என்ர ஊர் இதுதான்" என்றார். "அல்லாஹ் அறிய இதுதான். எண்ணுங்கோ."

மோதினார் எண்ணினார். மௌலவி பிரசங்கம் செய்ய மிம்பரில் ஏறினார். அன்றைக்கு எல்லாம் முடிந்த பிறகு செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கலந்தரிடம் ஒருவர் சொன்னார், "காக்கா, அஸருக்குச் சந்திப்பம். நாலு." அஸருக்குப் போனார். ஜும்ஆவைத் தவிர்த்தால் முதன்முறையாக ஜமாஅத்தில், தன் ஊர் வரிசையில் நின்றார். மூன்றாவது ரக்அத்தில் முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

இருந்த சந்தோசப் புளுகத்தில் கடைக்கு வந்ததும் நபீஸாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இண்டைக்கு அஸர் நாலு தொழுதனான்."

"ஏன், உடம்புக்கு என்ன வருத்தம் உங்களுக்கு?" என்றா நபீஸா.

நடந்ததைச் சொன்னார். "அப்ப இனி இஞ்ச வாறது விருந்தாளியோ?" என்று கேட்டா.

"அடுத்த கிழமை வாறன்" என்று முனகிவிட்டு வைத்தார்.

அடுத்த கிழமை பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாங்குளத்தில் பஸ் ஏறி, வவுனியாவில் மாறி, புத்தளம் போய்ச் சேர இஷா நேரமாகிவிட்டது. நபீஸா பையை மட்டும் கையிலிருந்து வாங்கினா. கலந்தர் கை, கால், முகம் கழுவி ஒளு செய்து, முன்னறையில் பாயை விரித்துத் தொழுகைக்குக் கை கட்டி நின்றார். இரண்டு ரக்அத் முடிந்து இருப்பில் இருந்தார். இனித் தலையை வலமும் இடமும் திருப்பி ஸலாம் கொடுத்து முடிக்க வேண்டியதுதான். சட்டத்தில் ஒரு பிழையும் இல்லை, இப்போது இங்கே அவர் அசல் பயணி.

அடுப்படிக் குசினி வாசலிலிருந்து நபீஸாவின் குரல் வந்தது. "இஞ்ச பாருங்கோ, நான் இருக்கிற வீட்டில ரெண்டு கிடையாது."

கலந்தரின் தலை வலப்பக்கம் திரும்பவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, மூன்றாவது ரக்அத்துக்கு எழும்பினார்.

நாலையும் முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பை வெறுமையாய் மடித்துக் கதிரையில் கிடந்தது. சாரமும் சேட்டும் அலுமாரிக்குள் போயிருந்தன.