ஜெமெரி

வமுயுவுக்கு 'ல'வும் 'ள'வும் வராது, 'ர' ஆகிவிடும். கிகுயு இனத்துக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான், அவர்கள் பேச்சில் அந்த ஒலிகளே இல்லை. எல்டோரெட்டில் எங்கள் சந்து முனையில் டீக்கடை வைத்திருந்தாள். வருகிறவர்களிடம், "பார் டீயா, வெறும் டீயா?" என்பாள்.

"எதைப் பாக்கணும்?" என்று எங்கள் கலெஞ்சின் இனத்து இளவட்டங்கள் வம்பிழுப்பார்கள்.

பலகாரம் தீர்ந்துவிட்டால், "நாரைக்கு வா, தர்றேன்" என்பாள்.

"நாரைக்கு எதுக்குடி பலகாரம்? எனக்குக் குடு" என்பேன். அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

என் பெயர் ஜெமெலி. அவள் வாயில் ஜெமெரி.

கல்யாணமாகி இங்கே வந்தவள், புருஷன் செத்த பிறகும் பிறந்த ஊருக்குப் போகவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் கடையை மூடிவிட்டு வந்து மடியில் போட்டுக்கொள்வாள். ஓட்டுப் போடவும் சேர்ந்தே வரிசையில் நின்றோம். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை ரேடியோவில் முடிவைச் சொன்னார்கள், கிகுயுக்காரர்தான் ஜெயித்தார் என்று. ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்று தெருவே கொதித்தது. திருடினார்களோ இல்லையோ, பெரிய மனிதர்கள் எல்லோரும் நைரோபியில் பத்திரமாக இருந்தார்கள். எரிந்தது வமுயுவின் டீக்கடை.

அவளை என் வீட்டில் ஒளித்துவைத்தேன். கிகுயுக்காரர்களை வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகத் துணிந்தேன். என் சால்வையைப் போர்த்திவிட்டேன்.

"இனிமே நீ என் அக்கா. பிறவி ஊமை. என்ன ஆனாலும் வாயைத் தொறக்கக் கூடாது."

"சரி, ஜெமெரி."

"இந்த வாய்தான்டி!"

பாதையில் எங்கள் இனத்துப் பையன்கள் கல்லும் மரமும் போட்டு மறித்திருந்தார்கள். கையில் வெட்டுக்கத்திகள். அவள் கடையில் டீ குடித்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை, அதுவே நிம்மதியாக இருந்தது.

"யாரு இது?"

"எங்கக்கா, தம்பி. பேச்சு வராது. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஒருவன் அவளிடம் எங்கள் மொழியில் பெயரைக் கேட்டான். அவள் வாயைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். பாவி, என்னமாய் நடித்தாள்!

"சரி, போங்க."

கற்களைத் தாண்டும்போது என் கால் இடறியது. குப்புற விழுந்தேன். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம்.

"ஐயோ, ஜெமெரி!"

அவள் கை என் தலையைத் தாங்கிவிட்டிருந்தது. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊமைக்குப் பேச்சு வந்துருச்சுடா" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

கத்தினேன், காலில் விழுந்தேன். என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவளை அங்கேயே வெட்டினார்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பிறகு தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பதவி கிடைத்தது. பாதையில் கிடந்த கற்களையும் அகற்றிவிட்டார்கள்.

போன வாரம் தெருவில் வைத்து என் மகள் விளையாட்டாக, "நாரைக்குப் போராம்மா" என்றாள். வமுயுவிடம் பழகிய பேச்சு. யார் காதில் விழுந்ததோ என்று சுற்றிலும் பார்த்தேன். பிறகு குழந்தையைப் பளாரென்று அறைந்துவிட்டேன்.